கீழவெளி வீதிப் பேராலயத்தின் வயது: எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

நடையாசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு நகரின் பழைய வீதிகளில் நடந்துவருவது என் வழக்கம். அடுத்த நடையைக் கீழவெளி வீதியில் வைத்திருக்கிறேன். அந்த வீதியில் முதலில் கண்ணில் படுவது புனித மரியன்னை பேராலயம். ஏறத்தாழ 42 மீட்டர் உயரமுள்ள அதன் இரட்டைக் கோபுரத்தைக் காட்டியதும் பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'ஐயா, இது எப்போது கட்டியது?' என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம். சிலர் 1840 என்கிறார்கள். சிலர் 1916 என்கிறார்கள். 1938 என்று சொல்பவர்களும் உண்டு. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், 'தத்துவ போதகர் கட்டிய கோயில் அது, நானூறு ஆண்டு ஆகிறது' என்று உறுதியாகச் சொல்கிறார். பிள்ளைகளிடம் ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டால் அவர்கள் அதை ஆயுள் முழுவதும் மனத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவலையோடு இங்கே கேட்கிறேன்.

ஏடுதேடி எழுதியது:

ஐயா, நீங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குரிய விடை. 1840 என்பது இந்த இடத்தில் கார்னியே என்ற பிரெஞ்சுக் குரு வியாகுல அன்னையின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பிய காலம். 1916 என்பது இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடத்தோடு சேர்த்துப் பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு. 1938 என்பது மதுரை மறைமாவட்டம், அதாவது ஆயர் என்ற தலைமைக் குருவின் ஆட்சிப் பகுதி, உருவாகி, இந்த ஆலயம் ஆயரின் ஆலயமாக, அதாவது பேராலயமாக உயர்ந்த ஆண்டு. முதலாவது பங்கின், அதாவது இந்த ஆலயத்தைச் சேர்ந்த கிறித்தவச் சமூகத்தின் வயது, இரண்டாவது கட்டடத்தின் வயது, மூன்றாவது பதவியின் வயது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வதையும் முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் நினைவில் வைத்திருப்பது இந்தக் கட்டடத்தின் வயதையன்று. மதுரையில் கிறித்தவ வழிபாடு தொடங்கிய வயதை. அது உண்மையிலேயே நானூறு ஆண்டைத் தாண்டியது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த இயேசு சபைக் குருவான தத்துவ போதகர் இந்த ஆலயத்தைக் கட்டினார் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பிழை.

கீழவாசல்காரி எழுதியது:

நான் கீழவாசல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் சொல்வார்: தத்துவ போதகர் சந்நியாசி உடையில் வந்து இங்கேதான் பூசை வைத்தார் என்று. சிறு வயதில் அந்தப் பீடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அங்கே நிற்பதாக நினைத்துக்கொள்வேன். அது பிழை என்று படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர் வழிபட்ட இடத்துக்கும் இந்த இடத்துக்கும் எந்தத் தொடர்புமே இல்லையா? ஏடுதேடி ஐயா சற்று விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

ஏடுதேடி எழுதியது:

அம்மா, ஆச்சி சொன்னதன் உட்பொருள் சரி. இடமும் கட்டடமும்தான் வேறு.

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோதே இங்கே ஒரு சிறு கிறித்தவக் கோயில் இருந்தது. போர்த்துகீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே இங்கு வந்து தங்கி, கோயிலோடு ஒரு பள்ளியையும் மருந்தகத்தையும் நடத்திவந்தார். அந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்காக வந்து தங்கிய பரதவர்கள். அவர்கள் கடற்கரையில் ஏற்கெனவே கிறித்தவரானவர்கள். மதுரைவாசிகளுக்கோ அது 'பரங்கி'யின் கோயில். பரங்கியின் உணவும் உடையும் பழக்கமும் அவர்களை அண்டவிடவில்லை. இதைக் கண்டுகொண்டதால்தான் நோபிலி தனி இல்லம் அமைத்துக்கொண்டு, காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். அவருக்கு வடமொழி கற்பித்தவர் சிவதருமர் என்ற அறிஞர்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நோபிலியின் பெயர் நிலைத்தது சொற்களில், கட்டடத்தில் அன்று. வழிபாட்டிடத்தைக் 'கோயில்' என்றும், வழிபாட்டைப் 'பூசை' என்றும், இறைவன் தரும் கொடையை 'அருள்' என்றும், சமயம் கற்பிப்பவரைக் 'குரு' என்றும் நம் மொழியின் சொற்களால் சொல்லத் துணிந்தவர் அவர். அவருடைய முறை சரியா தவறா என்ற வழக்கு கோவாவுக்குப் போய், அங்கிருந்து உரோமைக்குப் போய், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி வழங்கிய பிறகுதான் ஓய்ந்தது. 1656-இல் மயிலாப்பூரில் அவர் இறந்தார்.

அவருக்கும் கீழவெளி வீதி ஆலயத்துக்கும் இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார், வீரமாமுனிவர் வந்தார், நாயக்கர் ஆட்சி முடிந்தது, 1764-இல் யூசுப் கான் இருந்த மதுரைக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் முற்றுகையிட்டன, 1773-இல் உரோமை இயேசு சபையையே கலைத்துவிட்டது. குருக்கள் இல்லாத ஊரில் கட்டடங்கள் எத்தனை நாள் நிற்கும்? இயேசு சபையின் பணித்தளமான பழைய மதுரை மிஷனின் சுவர் எதையும் இன்றைய பேராலயத்தில் தேட வேண்டாம். ஆச்சி பூசை என்று சொன்னாரே, அந்தச் சொல்லில் தேடலாம்.

கீழவாசல்காரி எழுதியது:

நன்றி ஐயா. கடைசி வரியைப் படித்தபோது ஆச்சியின் குரல் கேட்டதுபோல இருந்தது. இனி யாரும் கேட்டால் திருத்திச் சொல்வேன்.

நடையாசிரியர் எழுதியது:

மிகவும் பயனுள்ள விளக்கம். இப்போது எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. 1840-இல் கார்னியே வந்து சிற்றாலயம் கட்டினார் என்றால், அவர் ஏன் கீழவெளி வீதியைத் தேர்ந்தெடுத்தார்? மதுரையின் வீதிகள் தாமரை இதழ்போல மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கின்றன: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. வெளி வீதி கடைசிச் சுற்று. அந்தக் காலத்தில் அங்கே என்ன இருந்தது?

கோட்டைமேடு எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. அங்கே இருந்தது கோட்டை.

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் பாண்டியர்களின் பழைய கோட்டையை அகற்றிவிட்டு இரட்டை மதிலோடு பெரிய கோட்டை எழுப்பினார்கள். அதற்கு 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளத்தின் காவலும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பு என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. மதிலைச் சுற்றி அகழி. நாயக்கர் காலத்துக்குப் பிறகு கோட்டைக்கு வேலை குறைந்துபோய், கும்பினி ஆட்சியில் மதில் இடிந்தும் அகழி பாசி பிடித்தும் கிடந்தது. ஊர் மதிலுக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்ந்தது. தேங்கிய அகழி நீரால் காய்ச்சல் பரவியதும் அன்றைய அதிகாரிகளின் கவலைகளில் ஒன்று.

1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் இந்த மதிலை இடிக்க முனைந்தார். அரசுச் செலவில் முழுவதையும் இடிப்பது கடினம். எனவே மதிலை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்க்க முன்வருபவர்களுக்கு அந்த நிலத்தை வீடு கட்டிக்கொள்ளக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார். மதிலும் அகழியும் இருந்த பட்டை இப்படித்தான் வீதிகளாக மாறியது. நான்கு வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அந்தப் பணியில் பிளாக்பர்னுக்குத் துணைநின்றவர்கள். துணைநின்ற ஒரு மேஸ்திரியின் பெயரை ஒரு நகரம் நூற்றெண்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியைத் தரும். கலெக்டரின் நினைவாக நகர மக்கள் நிறுத்திய விளக்குதான் இன்றைய விளக்குத்தூண். அங்கே துணி வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு அது யாருடைய விளக்கு என்று தெரியாது.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதில் விழுந்த ஆண்டுகளும் கார்னியே சிற்றாலயம் எழுப்பிய ஆண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 'வெளி வீதி' என்ற பெயரே கோட்டைக்கு வெளியே என்ற பொருளில் வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஒடுங்கிக்கிடந்த ஊர் மூச்சு விட்டபோது கிடைத்த திறந்த இடத்தில் எழுந்த கோயில் அது. பிள்ளைகளிடம் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வதற்கு முன் காலடி மண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏடுதேடி எழுதியது:

கோட்டைமேடு ஐயாவின் பதிவு அருமை. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆலயம் அகழியின் மீது நிற்கிறது என்றோ, மதிலின் அத்திவாரத்தின் மீது நிற்கிறது என்றோ பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். கோட்டை இடிந்த காலமும் ஆலயம் எழுந்த காலமும் அடுத்தடுத்து வருவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அருகருகே நிகழ்ந்தவை எல்லாம் காரணமும் விளைவுமாக இருப்பதில்லை. நிலம் யாரிடமிருந்து, எப்போது, எந்த நிபந்தனையில் வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். நம் விருப்பம் சொல்லக் கூடாது.

கோட்டைமேடு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். அகழியின் மீது நிற்கிறது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடும் ஆர்வத்தில் என் நடை சற்று முந்திப் போய்விட்டது உண்மை. இப்படித் திருத்திச் சொல்கிறேன்: கோட்டை இருந்தவரை ஊரின் விளிம்பாக இருந்த பகுதி, கோட்டை போன பிறகு ஊருக்குள் வந்தது, ஆலயம் அந்த விளிம்பில் இருக்கிறது. இதை வரைபடத்தைப் பார்த்தே எவரும் உறுதி செய்துகொள்ளலாம்.

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேற்குக் கோட்டை வாசலின் எச்சம் இன்னும் நிற்கிறது. நடையாசிரியர் ஐயா அதிலிருந்து நடையைத் தொடங்கினால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தது என்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழவெளி வீதிக்கு வரலாம்.

பங்குப்பிள்ளை எழுதியது:

நான் திருச்சியில் பிறந்து, வேலையின் பொருட்டு மதுரைக்கு வந்து இருபது ஆண்டுகளாகின்றன. கார்னியேயைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

இயேசு சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் பிறகு 1830களின் இறுதியில் உரோமை மதுரை மிஷனைப் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களிடம் ஒப்படைத்தது. ஜோசப் பெர்த்ராந் தலைமையில் வந்த முதல் நால்வரில் லூயி கார்னியேயும் ஒருவர். அவர்கள் வந்து சேர்ந்தபோது நிலைமை எளிதாக இல்லை. அதுவரை இங்கே இருந்த கோயில்களைக் கோவாக் குருக்கள் கவனித்துவந்தார்கள். கோயில்களைப் பேணி ஆயர்களை முன்மொழியப் போர்த்துகீசிய அரசுக்கு இருந்த பழைய ஞான ஆதரவு உரிமையின் பெயரால் அவர்கள் கோயில்களைவிட்டு நகர மறுத்தார்கள். 1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அந்த உரிமையைச் சுருக்கி ஆணையிட்ட பிறகும் பூசல் அடங்கவில்லை. ஊருக்கு ஊர் இரண்டு கட்சி, வழக்கு, பூட்டிய கதவு. புதிதாக வந்த குருக்கள் பல ஊர்களில் புதிய கோயில் கட்ட வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திருச்சி மேலப்புதூர் மரியன்னை பேராலயம் 1839-க்கும் 1841-க்கும் இடையில் எழுந்தது. அதையும் முன்னின்று கட்டியவர் இதே கார்னியேதான். நான் ஞானஸ்நானம் பெற்றது அங்கே. என் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றது கீழவெளி வீதியில். இரண்டுக்கும் ஒரே மனிதர் அடிக்கல் போட்டார் என்பதை மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

1838-இல் இங்கே வந்த கார்னியே 1843-இல் இறந்துவிட்டார். ஐந்தே ஆண்டுகள். அந்தத் தலைமுறைக் குருக்களில் பலரைக் காய்ச்சலும் காலராவும் வெயிலும் சில ஆண்டுகளிலேயே கொண்டுபோயின. வியாகுல அன்னையின் பெயரை அவர்கள் தங்கள் ஆலயத்துக்கு வைத்ததை இந்தப் பின்னணியில் படிக்கும்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. மகனைப் பறிகொடுத்த தாயின் ஏழு துயரங்களை நினைக்கும் பக்தி அது. அதன் திருநாள் செப்டம்பர் 15.

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

வணக்கம். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். என் அப்பாவும் தாத்தாவும் கொத்தனார்கள். வரலாற்றைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டடத்தை எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் வளைவுகள். ஆலயத்துக்குள் போனதும் மேல்முனை கூர்மையான வளைவுகளைப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் கோதிக் என்று சொல்லும் முறை அது. அரைவட்ட வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கூர்வளைவு பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கியே இறக்கும். அதனால் தூணை ஒல்லியாக்கலாம், கூரையை உயர்த்தலாம், சுவரில் பெரிய சாளரம் திறந்து வண்ணக் கண்ணாடி வைக்கலாம். அந்த உயரமும் வெளிச்சமும் இந்தக் கணக்கால் கிடைப்பவை. இதே வீதியிலிருந்து சற்றுத் தொலைவில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636-இல் கட்டப்பட்ட அந்த மாளிகையின் தூண்களைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் பார்க்கட்டும், கைகள் எட்டாது. பிறகு ஆலயத்துக்கு வந்து தூண்களையும் வளைவுகளையும் பார்க்கட்டும். இரண்டு விதமான கணக்கை ஒரே காலையில் கண்ணால் படித்துவிடலாம்.

அடுத்தது பொருள். ஐரோப்பாவில் இந்த முறையைக் கல்லில் செய்தார்கள். நம் பக்கத்துக் கோதிக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேரும். மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல்போலப் பளபளப்பாக்குவார்கள். மகாலின் தூண்களில் இருப்பதும் இந்த வகைப் பூச்சுதான். ஐரோப்பியக் குரு வரைந்த வளைவை எழுப்பியது யார் என்று கேட்டால், மாளிகையும் மண்டபமும் கட்டிப் பழகிய நம் ஊர்க் கைகள்தான். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

சுண்ணாம்புச் சாந்து காய்வது வெறும் நீர் வற்றுவதால் அன்று. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கல்லாக மாறுகிறது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அப்படி ஆன சுவர் ஈரத்தை வாங்கி வெளியேவிட்டுக்கொண்டே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. மதுரைக்கு வடக்கே ஒரு கிராமத்தில், நூறு ஆண்டைத் தாண்டிய சிறு கோயில் ஒன்றில் சுவர் ஊறுகிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் வண்ணமும் அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கொண்டுவந்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளியிருந்தது. உள்ளே இருந்த செங்கல்லை விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சிமெண்டை வெட்டியெடுத்து, சுவரை ஆறவிட்டு, மீண்டும் சுண்ணாம்பு பூசி முடிக்க ஓராண்டுக்கு மேலானது. 'வெறும் சுண்ணாம்புக்கா இவ்வளவு செலவு?' என்று ஊரார் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லித்தர ஆளில்லாமல் போனதுதான் குறை.

நடையாசிரியர் எழுதியது:

சுண்ணாம்புச்சாந்து ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் 'காளவாசல்' என்று ஒரு பேருந்து நிறுத்தமே இருக்கிறது. காளவாய் என்ற சொல்லை நீங்கள் எழுதியதும் அதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் தினமும் சொல்லும் பெயருக்குள் சுண்ணாம்பும் செங்கல்லும் சுட்ட வேலை ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் கண் விரிப்பார்கள்.

கீழவாசல்காரி எழுதியது:

பேராலயம் என்ற சொல்லையும் யாராவது விளக்குங்கள். பெரிய கோயில் என்பதால் பேராலயம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஏடுதேடி எழுதியது:

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் அம்மா. பேராலயம் என்பது அளவைக் குறிப்பதன்று. ஆயரின் இருக்கை எந்த ஆலயத்தில் இருக்கிறதோ அது பேராலயம். கூரை வேய்ந்த சிறு கோயிலில் ஆயர் இருக்கை இருந்தாலும் அது பேராலயம்தான். பெரும் கோபுரங்களோடு இருந்தும் இருக்கை இல்லாவிட்டால் அது பங்குக் கோயில்தான்.

1886 முதல் மதுரைப் பகுதி திருச்சி மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தது. 'மதுரை மிஷன்' என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயர் மதுரையுடையது. ஆயரின் இருக்கையோ திருச்சியில். 1938-இல் மதுரை தனி மறைமாவட்டமானது. இயேசு சபையைச் சேர்ந்த ஜான் பீட்டர் லெனார்டு முதல் ஆயரானார். அன்றுதான் கீழவெளி வீதி ஆலயம் பேராலயமாயிற்று. 1953-இல் மதுரை உயர் மறைமாவட்டமாக உயர்ந்ததும் அவரே முதல் பேராயரானார். பின்னர் இதிலிருந்து 1973-இல் பாளையங்கோட்டையும் 1987-இல் சிவகங்கையும் தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. அருளானந்தர் இறந்த ஓரியூர் இப்போது சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது.

பங்குப்பிள்ளை எழுதியது:

கட்டடத்துக்குள் நடந்த ஒரு மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு எல்லாக் கோயில்களிலும் குரு மக்களைப் பார்த்து நின்று அவர்களின் மொழியில் பூசை வைக்கத் தொடங்கினார். அதற்கு முன் குரு பீடத்தைப் பார்த்து, மக்களுக்கு முதுகு காட்டி, இலத்தீனில் சொல்வார். என் பாட்டிக்கு இலத்தீன் மன்றாட்டுகள் மனப்பாடம். பொருள் மட்டும் தெரியாது. பழைய ஆலயங்களில் பின்சுவரை ஒட்டி உயர்ந்த பீடமும் அதற்கு முன்னால் தாழ்ந்த பீடமுமாக இரண்டு இருப்பதைப் பார்த்தால், முதலாவது அந்தக் காலத்துக்கும் இரண்டாவது இந்தக் காலத்துக்கும் உரியது என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

அமெரிக்கன்கல்லூரி மாணவன் எழுதியது:

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். இந்த இழையை நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோட்டைமேடு ஐயா சொன்ன காலக்கணக்கை எங்கள் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம் என்று தோன்றியது.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-இல்; பிளாக்பர்ன் கலெக்டரான அதே ஆண்டு. மதில் இடிந்த அந்த 1840களிலேயே கீழவாசலில் அவர்களுடைய ஆலயமும் எழுந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் அன்று ஒருவரையொருவர் நட்போடு பார்த்தவர்கள் அல்லர். போட்டியும் கண்டனமும் இருந்தன. இருந்தும் இரு சாராரும் நகரின் ஒரே வாசலருகே, ஒரே பத்தாண்டில் கோயில் கட்டியிருக்கிறார்கள். இன்று கிறிஸ்துமஸ் இரவில் இரண்டு கோயில்களின் கூட்டமும் ஒரே தெருவில் கலந்து நடக்கிறது. அந்த மிஷனிலிருந்து வளர்ந்ததுதான் 1881-இல் பசுமலையில் தொடங்கி, பிறகு கோரிப்பாளையத்துக்கு வந்த எங்கள் கல்லூரி.

வயதைப் பற்றிய முதல் கேள்விக்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நம் நகரில் சிஷோம் வடிவமைத்த புனித ஜார்ஜ் ஆலயம் 1881-இல் முடிந்தது. ஆனால் அதனுள்ளே இருக்கும் கல்லறை, 1828-இல் இறந்த கலெக்டர் ரோஸ் பீட்டருடையது. மீனாட்சி அம்மனுக்குத் தங்க அங்கவடி (குதிரையில் ஏறக் கால்வைக்கும் வளையம்) கொடுத்தவர், 'பீட்டர் பாண்டியன்' என்று மக்கள் அழைத்தவர் அவர்தான். கட்டடத்தைவிடக் கல்லறைக்கு வயது அதிகம்! இடம் முதலில் வருகிறது, கட்டடம் பின்னால் வருகிறது. கீழவெளி வீதியிலும் அதே கதைதான்.

கோட்டைமேடு எழுதியது:

தம்பி, நான் இத்தனை ஆண்டுகளாகக் கோட்டையைப் படித்தும் இரண்டு கோயில்களையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன். கீழவாசல் என்றால் கிழக்குக் கோட்டை வாசல். வாசல் போய்விட்டது, மதில் போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்தின் பலகையில் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சபைகளின் கோயில்கள் நிற்கின்றன. நன்றி.

நடையாசிரியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வரியில் விடை கிடைக்கும் என்று நினைத்துத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். இப்போது நடையின் வழியையே மாற்றிவிட்டேன். காலை ஆறரை மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தருகே கோட்டை வாசல் எச்சத்தில் தொடங்குகிறோம். அங்கிருந்து நடந்து விளக்குத்தூண், பிறகு மகாலின் தூண்கள், அதன் பிறகு கீழவாசல், கடைசியில் பேராலயம். ஞாயிறு என்பதால் பூசை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இடையூறு இல்லாத இடைவேளையில் உள்ளே போவோம்.

வாசலில் நின்று வயதைக் கேட்கும் பிள்ளையிடம், பங்குக்கு 1840, இன்றைய உருவத்துக்கு வழங்கிவரும் ஆண்டு 1916, பேராலயப் பதவிக்கு 1938 என்று மூன்றையும் சொல்லி, எதன் வயதைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கப்போகிறேன். கீழவாசல்காரி அம்மா வர முடிந்தால், ஆச்சி சொன்ன கதையை அவரே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கீழவாசல்காரி எழுதியது:

கட்டாயம் வருகிறேன் ஐயா. வீடு பக்கம்தான். நடந்து வரும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். எத்தனை பேர் என்று மட்டும் முதல்நாள் சொல்லிவிடுங்கள், இட்லி அவித்து வைக்கிறேன்.